அனாமத்துக் கணக்கு

எங்கள் வங்கிக்குக் கதவு கிடையாது.
கோத்தகிரியில், கல்லூரியின் இரண்டாம் மாடியில்,
பதினோரு கணினிகளில் ஒன்பதாவது ஓடும் நாட்களில்
அது திறந்திருக்கும்.
பெட்டகம் என்பது ஓர் அட்டவணை.
காசாளர் என்பவர் நாற்பது வரி நிரல்.
ரிசர்வ் வங்கி நான்தான்,
கழுத்தில் மஃப்ளர், ஃபிளாஸ்கில் மிளகு ரசம்.

தொடங்கிய வருடம், முதல் வாரம்,
வாடிக்கையாளர்களைப் படைத்தோம்.
உண்மைப் பெயர் கூடாது என்பது விதி.
பிள்ளைகள் ஒரே மாலையில் முந்நூறு பேரைப் பெற்றுப்போட்டார்கள்.
எல்லாருக்கும் பிறந்தநாள் ஜனவரி ஒன்று.

போஜன் படைத்தவர்கள் அத்தனை பேரும் லட்சாதிபதிகள்.
தவச்செல்வி படைத்தவர்களுக்கு
பத்தாம் தேதி சம்பளம் ஏறும்,
பதினொன்றாம் தேதி நாற்பது ரூபாய் மீதி இருக்கும்.
இதெல்லாம் எங்கிருந்தும்மா வந்தது என்றேன்.
'ரேண்டம்தான் மிஸ்.'

இங்கே ஒரு நாள் என்பது நான் தட்டும் ஒரு விசை.
தட்டினால் பொழுது சாயும்,
வட்டி ஏறும்,
தவணை தவறியவருக்குக் கடிதம் போகும்.
(போய்ச் சேரும் இடம் யாரும் திறக்காத ஒரு கோப்பு.)
ஜூலை மதியம் ஒன்றில் பதினான்கு மாதம் கடத்தினோம்.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி
கைப்பந்து மைதானத்தைக்கூடக் கடந்திருக்கவில்லை.

ஒருமுறை இரண்டு பேர் இரண்டு மேசையிலிருந்து
ஒரே நொடியில்
ஒரே ஐந்நூறை எடுத்துவிட்டார்கள்.
பூட்டுப் போட மறந்திருந்தோம்.
அன்றைக்கு வகுப்பே கைதட்டியது,
நான் மட்டும் ஆயிரத்துக்குக் கணக்கெழுத
ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பழைய பதிவுகளைத் துடைக்கப் போனபோது
நூற்றுப் பதினேழாம் கணக்கு.
பெயர்: செபமாலை.
தொழில்: கொழுந்து பறித்தல்.
நிலையான கட்டளை: ஐந்தாம் தேதி தோறும்
இருநூற்றைம்பது ரூபாய், மகள் விடுதிக்கு.
எழுதி வைத்தது தவச்செல்வி.

அவள் படித்து முடித்து மூன்று வருடமாகிறது.
கோவையில் ஒரு நிதி நிறுவனத்தில்
தவணை கேட்டுத் தொலைபேசும் வேலை.
கட்டளையை நிறுத்தாமலே போய்விட்டாள்.

பருவத்துக்குப் பருவம் நாங்கள் ஓட்டிய காலத்தைக் கூட்டினேன்.
அறுபத்தொரு ஆண்டு.
செபமாலைக்கு இந்த ஜனவரி ஒன்றோடு நூற்று மூன்று வயது.
இன்னும் கட்டுகிறாள்.
மகள் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று
அட்டவணையில் பத்தி இல்லை.

சம்பளம்தான் நின்றிருந்தது.
தர்ஷன், போன பருவம், நிரலை வேகமாக்குகிறேன் என்று
அறுபது தாண்டியவர்களைச் சம்பளப் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டான்.
சரியான திருத்தம்தான். நானே பாராட்டியிருக்கிறேன்.
ஓய்வூதியம் எழுத யாருக்கும் தோன்றவில்லை.
இருப்பு: நூற்றுத் தொண்ணூறு.

கட்டளையை ரத்து செய்ய ஒரு சொடுக்கு போதும்.
சுட்டியை அங்கே கொண்டுபோய்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பணம் வானத்திலிருந்து விழாது,
ஒரு பக்கம் வரவென்றால் மறுபக்கம் பற்று என்று
வருடா வருடம் கரும்பலகையில் கோடு கிழித்துச் சொல்பவள் நான்.
ஆகவே முறைப்படியே எழுதினேன்:
அனாமத்தில் பற்று மூவாயிரம்.
செபமாலைக்கு வரவு மூவாயிரம்.
காரணம் என்ற கட்டத்தில் முப்பது எழுத்துக்குத்தான் இடம்.
ஒரு புள்ளி வைத்தேன்,
காலியாக விட்டால் அது ஏற்றுக்கொள்ளாது.

இன்று தணிக்கைப் பயிற்சி.
ஹேமாவதி, மூன்றாம் வரிசை, எதையும் விடமாட்டாள்,
சிவப்பில் எழுதித் தந்திருக்கிறாள்:
'நிர்வாகி செய்த பதிவு. ஆதாரம் இல்லை.
விளக்கம் கேட்கப்பட வேண்டும்.'

பத்துக்குப் பத்து போட்டேன்.
அவள் தாளை வாங்கிக்கொண்டும்
நகராமல் நின்றாள்.
மின்சாரம் போனது, யுபிஎஸ் கூவத் தொடங்கியது,
எல்லாரும் சேமியுங்கள் சேமியுங்கள் என்று கத்தினேன்.

ஐந்தாம் தேதிக்கு
இன்னும் ஆறு விசை இருக்கிறது.